கன்னத்தோடு ஒட்டிய 10 வாட்

ஆடிக் காற்று கொடியில் காய்ந்த துணிகளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்த ஒரு மாலை நேரம். அக்கா மகன் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, புதிதாக வாங்கிய வாக்கி-டாக்கியைக் கைப்பேசியைப் போலக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்தபடி மேட்டூரை அழைத்துக்கொண்டிருந்தான். ஆண்டெனா நெற்றிப்பொட்டை உரசிக்கொண்டு, கண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. அழைப்பான், பொத்தானை விடுவான், இரைச்சல் மட்டும் வரும், மறுபடியும் அழைப்பான். இருபது நிமிடமாக இதுவே நடந்தது. அருகில் போய்ச் செட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். டீ ஊற்றிய டம்ளரைப் போலச் சுட்டது.

"சூடாகத்தான் செய்யும் மாமா. 10 வாட் அல்லவா?" என்றான். குரலில் பெருமை இருந்தது.

அவனுக்கு ஹாம் வானொலியை, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசும் கலையை, பழக்கியவன் நான்தான். ஓம் விதியும், மோர்ஸ் ஒலியும், அழைப்புக் குறியை எப்படி உச்சரிப்பது என்பதும் ஓராண்டு முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். தேர்வில் தேறி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறியும் வாங்கிவிட்டான். ஆனால் ஒரு செட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதை நான் சொல்லவே இல்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை. அன்று இரவு அது என்னைத் தூங்க விடவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரவிலிருந்து வந்தது.

முதலில் அந்த 10 வாட்டைப் பார்த்துவிடுவோம். இணையத்தில் கைச் செட்டு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது வாட் கணக்கைத்தான். 5 என்றால் நல்லது, 8 என்றால் இன்னும் நல்லது, 10 என்றால் ஊர் தாண்டிப் பேசலாம் என்று நினைக்கிறார்கள். வானொலி அலை அப்படி நடந்துகொள்வதில்லை. 5 வாட்டை 10 ஆக்கினால் எதிர்முனையில் கிடைக்கும் கூடுதல் 3 டெசிபல் (சிக்னலின் வலுவை ஒப்பிடும் அளவு). ஹாம்கள் சிக்னலை அளக்கும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஆகவே இரட்டிப்புத் திறன் தருவது அரைப்படி முன்னேற்றம். எதிர்முனையில் கேட்பவரின் காது பெரும்பாலும் அந்த வேறுபாட்டை உணராது. ஒரு முழுப்படி ஏற வேண்டுமென்றால் திறனை நான்கு மடங்காக்க வேண்டும், அதாவது 5 வாட் 20 வாட் ஆக வேண்டும். கையில் பிடிக்கும் செட்டில் அதற்கு இடமே இல்லை.

தூரத்தை நிர்ணயிப்பது உயரம். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமியோ வளைந்தது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த அலையின் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரியும். தரையில் நின்று வாய்க்கு எதிரே, ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்தால் 5 கிலோமீட்டர். 10 மீட்டர் உயர மொட்டை மாடியில் 13 கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து மேட்டூர் 40 கிலோமீட்டர், நடுவில் குன்றுகள் வேறு. 5 வாட்டுக்கு எட்டாத மேட்டூர் 10 வாட்டுக்கும் எட்டாது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, லேடீஸ் சீட் முனையில் வண்டியை நிறுத்தினோம். கீழே சேலம் நகரம் விரிந்து கிடந்தது. மேற்கே, காற்று கழுவி வைத்த வானத்தின் அடியில் மேட்டூர் நீர்த்தேக்கம் ஒரு வெள்ளிக் கீற்றாகத் தெரிந்தது. செட்டைக் குறைந்த திறனுக்கு, 1 வாட்டுக்கு, மாற்றச் சொன்னேன். ஒரே ஒரு முறை அழைத்தான். மேட்டூர் நண்பர் உடனே திரும்பி வந்தார்: "ஐந்துக்கு ஒன்பது, தம்பி. பக்கத்து அறையில் இருந்து பேசுவதைப் போல இருக்கிறது." அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் தொடுவானம் 130 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். 1 வாட் அங்கே தாராளம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தோடு 5 வாட் கைச் செட்டையும் அலையை ஒரே திசையில் குவிக்கும் ஒரு சிறிய யாகி ஆண்டெனாவையும் வைத்துக்கொண்டு ஹாம்கள் பேசியிருக்கிறார்கள். இடையில் மறைப்பு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மேட்டூருக்குப் போகாத அந்த 10 வாட் எங்கே போனது?

வீட்டுக்கு வந்ததும் செட்டை, ஆண்டெனாவுக்குப் பதிலாக நின்று அலையை உள்வாங்கிக்கொள்ளும் டம்மி லோடில் மாட்டி என் பவர் மீட்டரில் அளந்தேன். 7 வாட்டைத் தாண்டவில்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் ஒன்று, கருவி தரும் எண் வேறொன்று. ஆனால் 7 வாட்டும் சாதாரணம் இல்லை. இத்தகைய செட்டுகளின் வெளியீட்டுப் பகுதி தான் உறிஞ்சும் மின்சாரத்தில் பாதியைத்தான் அலையாக மாற்றும். மீதிப் பாதி வெப்பமாகிக் கையில் இறங்கும். உண்மையிலேயே 10 வாட் அலை வெளியேற வேண்டுமென்றால் 7.4 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். டம்ளர் சூடு அங்கிருந்து வந்தது. அந்தச் சூட்டை நம்மால் தொட்டு உணர முடிகிறது. அலையாக வெளியேறும் மறுபாதியை அப்படி உணர முடிவதில்லை. என்னை உறங்க விடாமல் செய்தது அந்தப் பாதிதான்.

145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். கைச் செட்டின் மேல் நிற்கும் குட்டை ரப்பர் ஆண்டெனா அந்த நீளத்துக்கு முன்னால் மிகச் சிறியது. ஓர் ஆண்டெனா ஒழுங்காக வேலை செய்ய அதற்கு இரண்டு பாதிகள் வேண்டும். கைச் செட்டில் மறுபாதியாக நிற்பவை செட்டின் உடலும், அதைப் பிடித்திருக்கும் கையும், அந்தக் கைக்குரிய மனிதனும்தான். நாம் ஆண்டெனாவுக்கு அருகில் நிற்கவில்லை, ஆண்டெனாவில் ஒரு பகுதியாகவே நிற்கிறோம். எனவேதான் வீட்டுக் கூரையில் 50 வாட்டில் இயங்கும் ஆண்டெனாவைவிடக் கன்னத்தோடு ஒட்டிய 7 வாட்டைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். கூரை ஆண்டெனா பத்து மீட்டர் தள்ளி நிற்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

உடல் எவ்வளவு அலை ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதை எஸ்.ஏ.ஆர். என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு கிலோ திசு எத்தனை வாட்டை உள்வாங்குகிறது என்பது அதன் பொருள். அளக்கும் முறை வியப்பானது. மனித உடலின் வடிவத்தில் ஒரு கூடு செய்து, நீரும் சர்க்கரையும் உப்பும் கலந்த திரவத்தை அதில் நிரப்புகிறார்கள். நம் தசையும் மூளையும் அலையை உள்வாங்குவதைப் போலவே அந்தத் திரவமும் உள்வாங்கும். செட்டைக் கூட்டின் அருகே வைத்துப் பேச வைத்துவிட்டு, இயந்திரக் கையொன்று ஓர் ஊசி முனையைத் திரவத்துக்குள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி அளந்துகொண்டே போகும்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் பொதுமக்களுக்கு வகுத்த எல்லை, ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். இந்தியாவில் விற்கும் கைப்பேசிகளுக்கும் 2012 செப்டம்பர் முதல் இதே எல்லைதான். ஆனால் நல்ல நிறுவனங்கள் விற்கும் தொழில்முறைக் கைச் செட்டுகளின் கையேட்டைத் திறந்து பாருங்கள். அவை சோதிக்கப்படுவது வேறொரு எல்லைக்கு, தொழில் நிமித்தம் பயன்படுத்துவோருக்கான கிலோவுக்கு 8 வாட் எல்லைக்கு. ஐந்து மடங்கு! இதைப் பயன்படுத்துகிறவர் பயிற்சி பெற்றவர், தன் மேல் என்ன விழுகிறது என்று அறிந்தவர், அதைக் குறைக்கத் தெரிந்தவர் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தச் சலுகை நிற்கிறது. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. செட்டை முகத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். உதட்டிலிருந்து 2.5 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் பேசக் கூடாது. கன்னத்தோடு ஒட்டி இருபது நிமிடம் விடாமல் அழைத்த என் அக்கா மகன் இந்த நிபந்தனைகளில் எதையுமே அறிந்திருக்கவில்லை. அவன் வாங்கிய பெட்டிக்குள் இருந்த தாளிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கைப்பேசியைப் பிடிக்கும் பழக்கம்தான் கையை அப்படி இழுக்கிறது. ஆனால் கைப்பேசி, கோபுரம் அருகில் இருந்தால் தன் திறனைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். கைச் செட்டுக்கு அந்த அறிவு கிடையாது. பொத்தானை அழுத்தியிருக்கும் ஒவ்வொரு நொடியும் முழுத் திறனையும் கொட்டிக்கொண்டே இருக்கும், பேசினாலும் பேசாவிட்டாலும்.

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. இந்த அலைகள் எக்ஸ் கதிரைப் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுப்பவை அல்ல. உறுதியாக நிறுவப்பட்ட தீங்கு ஒன்றுதான், திசு சூடேறுவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 இல் வானொலி அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற பிரிவில் வைத்தது. போதிய சான்று இல்லாததால் கதவைத் திறந்தே வைத்திருக்கும் பிரிவு அது. அதைக் காட்டி யாரையும் மிரட்ட எனக்கு மனமில்லை. எனக்குக் கவலை தருவது கண். கண்ணின் வில்லையில் இரத்தக் குழாய்கள் கிடையாது. மற்ற திசுக்களில் ஏறும் சூட்டை இரத்தம் சுமந்து போய்விடும், வில்லையில் அதற்கு ஆள் இல்லை. மிக வலுவான நுண்ணலைகளால் விலங்குகளின் கண்ணில் புரை உண்டானதை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. 7 வாட் செட்டு அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பயனும் இல்லாத இடத்தில், மேட்டூருக்கும் போகாத ஆற்றலை, பதினெட்டு வயதுப் பையன் ஏன் தன் கண்ணருகே கொட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்காவில் ஹாம்களுக்கு நெடுங்காலம் இதில் விலக்கு இருந்தது. குறிப்பிட்ட திறனுக்குக் கீழே இயங்குவோர், தங்கள் ஆண்டெனாவிலிருந்து மனிதர்கள் மேல் எவ்வளவு அலை விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று விட்டிருந்தார்கள். 2021 மே மாதம் அந்த விலக்கு போனது. ஏற்கெனவே இயங்கிய நிலையங்களுக்கு 2023 மே வரை அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் ஹாம் கூட்டங்களிலும் ஆண்டெனா, பேட்டரி, செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். இதையும் பேச வேண்டும்.

அந்த ஆடி மாலைக்குத் திரும்புகிறேன். நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. காயப்போட்ட வடகத்தை எடுக்க அம்மா மாடிக்கு வந்திருந்தார், மூச்சு வாங்கியதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "பாட்டி, நீங்களும் கேளுங்கள்" என்று அக்கா மகன் செட்டை அவர் மார்பருகே, மடியின் மேல் வைத்தான். கேட்பதில் ஓர் ஆபத்தும் இல்லை. கேட்கும் நிலையில் செட்டு எதையும் அனுப்புவதில்லை. ஆனால் அடுத்த நொடி, செட்டை அங்கேயே வைத்தபடி, குனிந்து பொத்தானை அழுத்தினான்.

அம்மாவின் இடது தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக.

ஒன்றும் ஆகவில்லை. நான் பாய்ந்து எடுத்துவிட்டேன், மறுநாள் மருத்துவரும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். இன்றைய பேஸ்மேக்கர்களுக்குப் போதிய கவசம் உண்டு. ஆனாலும் கைப்பேசியையே 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். திறன் கூடக் கூட அந்த இடைவெளியும் கூட வேண்டும். மருத்துவமனைக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம், 60601-1-2 என்ற எண் கொண்டது, ஒரு வாக்கி-டாக்கி 30 சென்டிமீட்டர் தொலைவில் 2 வாட்டில் பேசினால் எவ்வளவு மின்புலம் விழுமோ அதை, மீட்டருக்கு 28 வோல்ட்டை, கருவி தாங்குகிறதா என்று சோதிக்கச் சொல்கிறது. 2 வாட்! தரத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்த செட்டு அது. 10 வாட் செட்டு அதே மின்புலத்தை ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் தொலைவிலேயே உண்டாக்கிவிடும். படுக்கை ஓரத்தில் நிற்கும் மருந்தேற்றும் பம்புக்கும் இடுப்பில் செட்டோடு வந்து நிற்கும் ஆளுக்கும் இடையே அவ்வளவு இடம் இருக்குமா? வெள்ளத்திலும் புயலிலும் உதவப் போகும் நாங்கள் மருத்துவமனைகளுக்குள்ளும் நிவாரண முகாம்களுக்குள்ளும் செட்டோடுதான் நுழைகிறோம்.

2024 செப்டம்பரில் லெபனானில் வாக்கி-டாக்கிகள் வெடித்த பிறகு தெருவில் பலர் என்னிடம் கேட்டார்கள், உங்கள் செட்டும் வெடிக்குமா என்று. அங்கே வெடித்தது ஒளித்து வைக்கப்பட்ட வெடிமருந்து. அவற்றின் மேல் இருந்த பெயர் ஜப்பானின் ஐகாம் நிறுவனத்தின் ஐ.சி.-வி82. அந்த மாதிரியைத் தயாரிப்பதை 2014 இலேயே நிறுத்திவிட்டதாக நிறுவனம் சொன்னது. லித்தியம் பேட்டரி அப்படி வெடிக்காது, ஆனால் கொழுந்துவிட்டு எரியும். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். செட்டை வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடி அடியில் வைக்காதீர்கள். கழற்றிய பேட்டரியைச் சாவிக் கொத்தோடு பையில் போடாதீர்கள். பெட்ரோல் பங்கிலும், வெடி வைக்கும் கல் குவாரியிலும் பொத்தானைத் தொடவே வேண்டாம். வெடியைத் தூண்டும் மின் டெட்டனேட்டரின் கம்பியே ஆண்டெனாவாகிவிடும்.

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைதிறன் செட்டுகளை உரிமம் இல்லாமல் எவரும் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார்கள். அவற்றுக்கு விதித்த எல்லை அரை வாட். அக்கா மகனின் செட்டுப் பெட்டியில் அச்சிட்டிருந்தது அதைப்போல இருபது மடங்கு. இப்படிப்பட்ட செட்டுகளைக் குழந்தைகளின் பொம்மைகளுக்கு நடுவே படம் போட்டு விற்றார்கள். எந்த அதிர்வெண்ணில் இயங்கும், உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சொல் இல்லை. 2025 இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நெறிமுறை வகுத்து, அதிர்வெண்ணையும் உரிமத் தேவையையும் கட்டாயம் குறிப்பிடச் சொன்னது. நல்ல செய்தி. அதே பக்கத்தில், செட்டை முகத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆறு வயதுப் பிள்ளை எந்தக் கையேட்டையும் படிக்காது.

அக்கா மகன் அந்தச் செட்டைத் தூக்கி எறியவில்லை, நானும் எறியச் சொல்லவில்லை. பரணில் கிடந்த பழைய தொலைக்காட்சி ஆண்டெனாவின் தட்டை ஒயரை எடுத்து, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஜே வடிவ ஆண்டெனா ஒன்றைச் செய்தோம். அதை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கட்டினோம். அதிலிருந்து கேபிள் இறங்கி வந்து, மாடிப்படி அறையில் ஆணியில் தொங்கும் செட்டில் முடிகிறது. சுருள் ஒயரில் ஒரு கை மைக். செட்டு 1 வாட்டிலேயே நிற்கிறது. மேட்டூர் இன்னும் கிடைக்கவில்லை, அதற்கு மலைதான் வழி. ஆனால் சேலத்துக்குள் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் கிடைக்கிறார்கள், ரப்பர் ஆண்டெனாவில் முழுத் திறனில் கிடைத்ததைவிடத் தெளிவாக.

நேற்று மாலையும் பேசிக்கொண்டிருந்தான். அம்மா மாடியின் மறுகோடியில், தன் நாற்காலியில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உரிமம் இல்லாததால் அவர் பேச முடியாது, கேட்கலாம். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு ஒலி சரியாக எட்டவில்லை.

"அஸ்தம்பட்டிக்காரர் என்னடா சொல்கிறார்?" என்று கேட்டார்.

"அவர்கள் வீட்டுப் பக்கம் மழை பிடித்துவிட்டதாம் பாட்டி!" என்று இங்கிருந்தே கத்தினான். அம்மா கீரைத் தட்டை ஓரம் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்க எழுந்தார்.